விலையிலாச் சித்திரங்கள்

சில மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு சிற்றிதழின் வெளியீட்டுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். இதழின் பெயர் இங்கே முக்கியமன்று. அதன் ஆசிரியர் நமக்கு வேண்டியவர், நல்ல வாசகர், கைப்பணத்தைப் போட்டு இதழ் நடத்துகிறவர். கூட்டத்தின் முடிவில் அவர் நன்றி நவின்றார். கவிஞர்களுக்கு நன்றி, கட்டுரையாளர்களுக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி, அரங்கு தந்தவருக்கு நன்றி, தேநீரும் வடையும் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரருக்கும் மறவாமல் நன்றி. இதழைப் புரட்டினோம். நடுப்பக்கத்தில் நான்கு கட்டங்களில் ஒரு சித்திரத்தொடர் அச்சாகியிருந்தது. அந்த இதழிலேயே சிறந்த பக்கம் அதுதான் என்று இன்றும் கருதுகிறோம். அதற்கு மேலும் பெயர் இல்லை, கீழும் இல்லை, உள்ளடக்கப் பட்டியலிலும் இல்லை. வரைந்தவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். முன்னொரு காலத்தில் நம் வகுப்பில் படித்தவர் என்பதால் அருகே சென்று கேட்டோம். "படம் வந்துருச்சுங்க ஐயா. பேருதான் வரலீங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

ஆசிரியரிடமும் கேட்டோம். பக்கம் கட்டும்போது ஓரத்தை வெட்டியதில் கையெழுத்துப் போயிருக்கும் என்றார். சன்மானம் ஏதேனும் உண்டா என்றோம். "கவிதைக்கே குடுக்கறதில்லீங்களே சார்" என்றார். பிறகு, நம் முகத்தைப் பார்த்தோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார்: "ஆனா நாலு பேர் பாக்கறாங்க, பகிர்ந்துக்கறாங்க. கலைஞனுக்கு அதுதானுங்களே கூலி?" இந்தக் கடைசி வாக்கியத்திற்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். அதைச் சொன்னவர் ஒருவர்தாம் என்றாலும், சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பவர்கள் நாம் எல்லோரும் என்பதால், மறுப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அந்தப் பக்கத்தைப் பற்றி. வரைந்தவர் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியன்களின் மேல் அச்சாகும் படங்களுக்கு வண்ணம் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். பகலெல்லாம் ஐரோப்பியக் குழந்தைகளின் நெஞ்சில் அச்சாகப்போகும் கரடிகளையும் கார்களையும் சரிபார்த்துவிட்டு, இரவில் தன்னுடையதை வரைகிறார். அந்த நான்கு கட்டங்களில் சொற்களே இல்லை. முதல் கட்டத்தில் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி வேன். இரண்டாவதில், பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்வரும் ஒரு முதிய பெண் சன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்குகிறாள். மூன்றாவதில் அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் துணுக்குகள், சிவப்பு எது நீலம் எது என்று கறுப்பு மையிலேயே தெரியும்படி. நான்காவதில் வீட்டு வாசலில் ஒரு சிறுமி அந்தத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தீப்பெட்டிக்குள் சேர்க்கிறாள். தீப்பெட்டி ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது. எத்தனை நாட்களாக இது நடக்கிறது என்பதை அந்தத் தீப்பெட்டி சொல்லிவிடுகிறது. பின்னலாடைத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி நாம் படித்த பல சிறுகதைகள் முதல் பத்தியிலேயே உரக்கக் கத்திவிட்டு அப்புறம் வழி தெரியாமல் நிற்பவை. இங்கே கத்தல் இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையேயுள்ள வெள்ளை இடைவெளியில்தான் கதை நடக்கிறது. சிறுகதையில் விடுபடலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இதை 'இடம் நிரப்பும் படம்' என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு வம்சாவளி எழுதுவது நம் போன்ற தமிழாசிரியர்களின் வழக்கம். நடுகற்களைப் பாருங்கள், கீழடுக்கில் வீரன் போரிடுகிறான், நடுவடுக்கில் தேவமகளிர் அவனை ஏந்திச் செல்கின்றனர், மேலடுக்கில் இறைவன் திருமுன் அமர்கிறான், கூடவே எழுத்தும் பொறித்திருக்கிறது, ஆகவே படக்கதை தமிழனின் கண்டுபிடிப்பு என்று முடித்துக் கைதட்டல் வாங்கலாம். நாமும் ஒருமுறை ஒரு கருத்தரங்கில் இதைச் செய்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நடுகல்லில் வீரனின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், மீட்டுக் கொடுத்த ஆநிரையைப் பற்றிய செய்தி இருக்கும். கல்லைச் செதுக்கியவனின் பெயரைத் தேடிப் பாருங்கள். நம் மரபில் நாம் விடாமல் காப்பாற்றி வருவது அந்த ஒன்றைத்தான்.

நிற்க. கொங்கு மண்ணிலிருந்தே ஒருவரைச் சொல்வோம். 1924இல் காரத்தொழுவு என்னும் சிற்றூரில் பிறந்தவர் கே. சி. சிவசங்கரன். பத்து வயதளவில் சென்னைக்குச் சென்று, அங்கே அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, 1946இல் கலைமகளில் சேர்ந்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்குப் போனார். 'சங்கர்' என்று கையெழுத்திட்டார். தோளில் பிணத்தைச் சுமந்தபடி, உருவிய வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை நினைத்தவுடன் உங்கள் மனத்தில் ஒரு படம் எழுகிறதல்லவா? அது அவருடையது. இந்தியாவின் பல மொழிகளில் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு வேதாளம் என்றால் அந்த வேதாளம்தான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த இதழுக்கு அவர் வரைந்தார். 2007இல் இதழ் மும்பையைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2013 வாக்கில் நின்றே போயிற்று. 2020 செப்டம்பரில் அவர் காலமானார். 2021 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது வந்து கதவைத் தட்டியபோது வீட்டில் அவர் இல்லை.

கோவையில் இளங்கலை மாணவர் அறுபது பேர் அமர்ந்த வகுப்பொன்றில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டோம். விக்கிரமாதித்தன் படத்தை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயரை ஒருவருக்கும் தெரியவில்லை. தம் மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியவில்லை. மாணவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்கள் நாம்.

பாரதியின் 'இந்தியா' இதழில் 1906 முதல் வெளிவந்த கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் நூலாக்கினார். தமிழ் இதழியலைக் கற்பிப்போர் தவறாமல் காட்டும் நூல் அது. கருத்து பாரதியினுடையது; கோடு வேறு கையினுடையது. அந்தக் கை யாருடையது என்ற வினாவை இதழியல் தாளின் வினாத்தாளில் நாம் ஒருபோதும் கண்டதில்லை. 1960 முதல் தினத்தந்தியில் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவே இல்லாத எதற்கும் அதை உவமை சொல்லிச் சிரிக்கிறோம். காந்திபுரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தே வாசிக்கப் பழகியவர்கள் நம் மாணவர்களின் தந்தைமார்களில் பலர். சிந்துபாத்தைத் தெரியும். தொடக்க காலத்தில் அதை வரைந்த கணுவைத் தெரியுமா?

சரி, இவர்களெல்லாம் சம்பளத்துக்கு வரைந்தவர்கள், நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், அதற்குப் பிறகு என்ன உரிமை என்று கேட்கலாம். கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டியதில்லை என்று ஐயமின்றிச் சொல்லலாம். பத்திரிகையில் பணிபுரியும் ஓவியர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்த படத்தின் முதல் உரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு மட்டுமே உரிமையாளருக்கு உரியது. மற்ற வகையில் அது வரைந்தவருடையது. பதினேழாவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சம்பளம் பெறாமல் வெளியிலிருந்து வரைந்து கொடுப்பவர் உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகளோடு முடிந்துவிடும். ஐம்பத்தேழாவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பின்னும், 'இதை ஆக்கியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவனைவிட்டு நீங்காது. ஆகவே நம் சிற்றிதழ் ஆசிரியர் 'பக்கம் கட்டும்போது போயிருக்கும்' என்று சொன்னது மறதியைப் பற்றிய தகவலாக மட்டும் நின்றுவிடாது. தெரிந்தோ தெரியாமலோ அவர் ஓர் உரிமையை வெட்டியிருக்கிறார்.

இதற்காக நீதிமன்றம் வரை போனவர் ஒருவர் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இருந்தார். 'டோம்ஸ்' என்ற வி. டி. தாமஸ். போபன், மோளி என்னும் இரட்டைக் குறும்புக் குழந்தைகளை மலையாளிகளின் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆக்கியவர். மலையாள மனோரமாவில் கால் நூற்றாண்டு பணிபுரிந்து 1987இல் விலகினார். வேறோர் இதழில் அதே பாத்திரங்களை வரையப் போனபோது, வரையக்கூடாது என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தில் சேரும் முன்பே அந்தப் பாத்திரங்கள் அவர் கையில் பிறந்தவை. பணியிலிருந்து விலகிய ஒருவர் தம் பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதைத் தடுக்க முடியாது என்று 1988இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கு முன், 1938இல், அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் வழக்காடினார்கள் என்பதை நினைத்தால் டோம்ஸின் வெற்றி எவ்வளவு பெரிது என்று விளங்கும். கோவையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எட்டிவிடும் ஒரு மாநிலத்தில் கிடைத்த தீர்ப்பு இது. தமிழ்ச் சித்திரக்காரர்களுக்காக வாதாடும் எந்தக் கட்டுரையிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட நாம் வாசித்ததில்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளே அரிது என்பது வேறு.

இனி, நிறுவனம் வேண்டாம், தன் கோட்டுக்குத் தானே எசமானன் என்று தனித்து நிற்பவரின் கதை. நம் திருப்பூர் நண்பர் தம் தொடர்களைத் தொகுத்துப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூலாக்கினார். நான்கு தாள்கள், இரு பக்கமும் நகல், நடுவில் மடித்து இரண்டு பின். ஒரு பக்க நகலுக்கு ஒரு ரூபாய் வீதம் பிரதிக்கு எட்டு ரூபாய் ஆயிற்று. நூறு பிரதிகள், எண்ணூறு ரூபாய். ஈரோடு புத்தகத் திருவிழாவில் அரங்கு எடுக்க வசதியில்லை; தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தம் மேசையில் ஒரு முழ இடம் கொடுத்தார். பிரதி இருபது ரூபாய். அறுபத்தொன்று விற்றன. வரவு 1,220 ரூபாய். நகல் செலவு போக 420. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் சனி ஞாயிறுகளில் போய்வந்த பேருந்துக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் இதில் கழிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கழித்தால் கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடுமாம். இரண்டு மாத இரவுகளின் உழைப்பு கணக்கில் வரவே இல்லை. "நஷ்டமில்லைங்க ஐயா, அறுவத்தொரு பேர் காசு குடுத்து வாங்கியிருக்காங்களே" என்றார். அந்த அறுபத்தொரு பேரில் நம் தமிழ்த்துறையிலிருந்து சென்றவர்கள் இருவர். மற்றவர்களெல்லாம் அதே திருவிழாவில் பை நிறையப் புத்தகம் வாங்கியவர்கள்தாம்.

தமிழ் வாசகன் படக்கதைக்குக் காசு கொடுக்க மாட்டான் என்று சொல்பவர்கள் அதே ஈரோட்டுத் திருவிழாவில் இன்னோர் அரங்குக்குப் போய்ப் பார்க்கட்டும். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிக் காத்திருக்கும் வாசகர் கூட்டம் ஒன்று அவற்றுக்கு உண்டு. ஆகஸ்டில் ஈரோட்டில் ஆண்டுதோறும் அவர்கள் கூடுவதும், ஆசிரியர் எஸ். விஜயனோடு அமர்ந்து அடுத்த ஆண்டில் எந்தக் கதை வரவேண்டும் என்று உரிமையோடு சண்டை பிடிப்பதும் கண்கொள்ளாக் காட்சி. நம் இலக்கியக் கூட்டங்களில் அப்படியொரு வெப்பத்தைக் கண்டு நெடுநாளாயிற்று. தலை நரைத்த வங்கி மேலாளர்கள் இத்தாலியின் டெக்ஸ் வில்லருக்காகவும் பெல்ஜியத்தின் லக்கி லூக்குக்காகவும் குரலை உயர்த்துகிறார்கள். நமக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. அந்த நிறுவனத்தின்மேலும் உண்டு. அது இல்லாவிட்டால் தமிழில் படக்கதை வாசிப்பே ஒரு தலைமுறைக்கு முன் அற்றுப்போயிருக்கும். வெளிநாட்டில் வரைந்து முடித்த நூலின் உரிமையை வாங்கி மொழிபெயர்த்து அச்சிடுவது ஒரு கணக்கு. நாற்பத்தெட்டுப் பக்கத்தை ஓர் ஓவியரிடம் புதிதாக வரையச் சொல்வது வேறு கணக்கு. அது ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை, ஓராண்டு அரிசியும் வாடகையும். சில ஆயிரம் பிரதிகளை நம்பி எந்தப் பதிப்பாளரும் இரண்டாவது கணக்கில் இறங்கமாட்டார். இறங்கவில்லை என்று ஏசுவது எளிது. நம் கேள்வி வாசகரிடம்: டெக்சாஸ் பாலைவனத்தின் ஒவ்வொரு பாறையையும் அறிந்த அன்பர்களே, அதே மாலையில் நாலு மேசை தள்ளிக் கிடந்த இருபது ரூபாய் நூலை ஏன் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தீர்கள்? கோடு பிடிக்கவில்லையென்றால் சரி. சொல்லுங்கள், சண்டை பிடியுங்கள். ஆனால் அவர் சொன்னது வேறு. பலர் புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பாராட்டி, கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்களாம்.

இங்கேதான் 'பகிர்தல்' என்ற சொல் வருகிறது. அழகான சொல். பகுத்துண்ணும் அறத்தைப் பேசும் மொழியில் அதற்கு எதிராக எழுதுவது சங்கடமானதுதான். ஆனால் பகுத்துக் கொடுப்பது உடையவன் செய்வது. இலை போட்டவனிடம் கேட்காமல் பந்தியைத் திறந்துவிடுவதற்குப் பெயர் பகிர்தல் இல்லை. அந்தத் தீப்பெட்டிப் பக்கம் சில வாரங்களில் குடும்பக் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. நமக்கே மூன்று திசைகளிலிருந்து வந்தது. ஒன்றில் 'படித்ததில் பிடித்தது' என்றிருந்தது. ஒன்றில் யாரோ ஒருவர் தம் ஊர் நற்பணி மன்றத்தின் முத்திரையைக் கீழே பதித்திருந்தார். மூன்றாவதில் நான்காம் கட்டத்துச் சிறுமியின் தலைக்கு மேலே அன்னையர் தின வாழ்த்து. எல்லாவற்றிலும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள், அதில் ஐயமில்லை. பார்த்தவர்களில் ஒருவரேனும் அடுத்ததைத் தேடி அவரிடம் வந்திருக்க முடியுமா? வழியையே வெட்டிவிட்டோமே. அச்சில் இல்லாத பழைய ராணி காமிக்ஸை, அது 2005இல் நின்றுபோன பிறகு, ஒளிவருடிப் பாதுகாக்கும் அன்பர்களை இதில் சேர்க்கவில்லை. அழிந்துபோவதைக் காப்பது ஒன்று. நேற்றிரவு வரைந்து இன்று விற்பனைக்கு வைத்ததை அள்ளிக்கொண்டு போவது வேறொன்று.

இதற்கு நம் நண்பர்கள் சொல்லும் பதிலை அறிவோம். கோவைக்காரர்களுக்கு அது நாவின் நுனியிலேயே இருக்கும். வானம்பாடி! 1971இல் இந்த ஊரிலிருந்து புறப்பட்ட இதழ், 'விலையிலாக் கவிமடல்' என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. புவியரசு, ஞானி, சிற்பி, மேத்தா, அக்கினிபுத்திரன் என்று ஒரு கூட்டமே கவிதையை விலையின்றி வழங்கித் தமிழ்க் கவிதையின் போக்கைத் திருப்பியது. அவர்கள் கொடுக்கவில்லையா, இந்தப் பையன் கொடுத்தால் என்ன?

வானம்பாடியின் கவிதைகளைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. அந்தக் கொடையைப் பற்றி இல்லை. ஆனால் அதன் பொருளியலை யாரும் பேசுவதில்லை. ஞானி பள்ளித் தமிழாசிரியர். புவியரசு தமிழாசிரியர். சிற்பி கல்லூரிப் பேராசிரியர். மேத்தாவும் கல்லூரியில் கற்பித்தவர். மாதம் முதல் தேதி சம்பளம் வந்ததால் மடலுக்கு விலை வைக்காமல் இருக்க முடிந்தது. அந்த விலையை ஒருவகையில் கல்வித்துறை கட்டிக்கொண்டிருந்தது. கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும்; பேருந்தில் நின்றபடியே நாலு வரியை மனத்தில் கட்டிவிடலாம். நான்கு கட்டச் சித்திரத்துக்கு மேசை வேண்டும், வெளிச்சம் வேண்டும், பென்சிலில் ஒரு முறை, மையில் ஒரு முறை, எழுத்துக்கு ஒரு முறை என்று ஓர் இரவு முழுதாக வேண்டும். விடிந்தால் பட்டறையில் கரடிப் படம் காத்திருக்கும். மேலும், வானம்பாடிகள் கொடுத்தது தங்களுடையதை; கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் அவர்களே; கொடுத்ததில் அவர்கள் பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு மேடை கிடைத்தது, பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தது, பின்னாளில் விருதுகள் கிடைத்தன. சித்திரக்காரரிடம் விலையையும் வேண்டாம் என்கிறோம், பெயரையும் வெட்டிவிடுகிறோம், பிறகு வானம்பாடியை உவமை காட்டுகிறோம். அரசுச் சம்பளத்தில் அமர்ந்துகொண்டு பிறர் உழைப்பை விலையிலாமல் வழங்கச் சொல்வது நம் வகுப்பாருக்கு மிக எளிதாக வருகிறது. இதை எழுதும் நாமும் அந்தச் சம்பளம் வாங்குகிறவர்களே.

தனித்து இயங்குவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1987இல் ஆனந்த விகடனில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுவித்தார்கள். பின்னர் அவர் உயர் நீதிமன்றம் சென்று இழப்பீடும் பெற்றார். பின்னால் ஒரு பெருநிறுவனம் நின்றது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. அதைக் குறித்து வரைந்து தம் முகநூலில் வெளியிட்ட படத்துக்காக நவம்பர் 5 அன்று கார்ட்டூனிஸ்ட் பாலாவைச் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பிணை கிடைத்தது. பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்து குரல் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பயண இரவில் அவர் தனியர். படத்தைப் பகிர்ந்த பல்லாயிரம் விரல்களில் எத்தனை விரல்கள் வழக்குச் செலவுக்கு நீண்டன என்று கேட்கத் தோன்றுகிறது. மாதொருபாகன் விவகாரத்தில் ஓர் எழுத்தாளரைச் சொந்த ஊரைவிட்டே பெயரச் செய்த வட்டாரம் நம்முடையது. எழுத்தைப் படித்தால்தான் புண்படலாம். படத்தைப் பார்த்தாலே புண்படலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் திருப்பூரில் ஒருவர் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்கிறார்.

திறனாய்வாளர்களாகிய நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கோவையில் இயங்கிய விடியல் பதிப்பகம் மர்ஜான் சத்ரபியின் ஈரானியச் சித்திர நூலைத் தமிழில் கொண்டுவந்தது. துணிச்சலான காரியம். அதைப் பற்றிய பேச்சுகளில் ஈரான் புரட்சி இருந்தது, பர்தா இருந்தது, பெண்ணியம் இருந்தது. அந்தக் கறுப்பு, அந்தத் தட்டையான முகங்கள், ஒரே பக்கத்தில் நூறு பேரின் சாவை ஒரு கோலம்போல அடுக்கிக் காட்டும் கை, இவற்றைப் பற்றிப் பேசிய ஒருவரை நாம் கேட்கவில்லை. ஏனெனில் நமக்கு அதற்கான சொற்கள் இல்லை. சொற்கள் இல்லாததை மறைக்க 'இது இலக்கியமா' என்று கேட்கிறோம். இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். தெருக்கூத்தும் இலக்கியம் இல்லை. அதற்காகக் கூத்தாடியின் பெயரை வெட்டுவதில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. சிற்றிதழ் நடத்துபவர்கள் படத்துக்கு ஐந்நூறு ரூபாயாவது கொடுக்கட்டும். அதுவும் இயலாதென்றால் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அடுத்த ஆறு மாதத்தில் அவர் அதை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். கல்லூரி நூலகங்கள் ஆண்டுக்கு இத்தகைய இருபது சிறு நூல்களை வாங்கினால் தணிக்கைக்காரர் மயங்கி விழமாட்டார். நம் துறைக்கு இவ்வாண்டு கேட்டிருக்கிறோம், கோப்பு எங்கோ இருக்கிறது. ஈரோட்டுத் திருவிழாவை 2005 முதல் கட்டி வளர்த்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரு மூலையில் பத்து மேசைகள், தாமே வரைந்து தாமே அச்சிடுகிறவர்களுக்கு, வாடகையில்லாமல். டோக்கியோவில் 1975இல் முப்பத்திரண்டு குழுக்களோடு இப்படித்தான் ஒரு சந்தை தொடங்கியது. இன்று சுயமாக வெளியிடப்படும் சித்திரங்களுக்கு உலகிலேயே பெரிய கூடல் அது. நமக்கு டோக்கியோ வேண்டாம், பத்து மேசை போதும்.

சென்ற வாரம் அவர் வீட்டுப்பக்கம் வந்திருந்தார். அதே சிற்றிதழ் அடுத்த இதழுக்கும் ஒரு பக்கம் கேட்டிருக்கிறதாம், கொடுத்துவிட்டேன் என்றார். நமக்குக் கோபம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று கடிந்துகொண்டோம். அவர் பதில் சொல்லாமல் பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். மீண்டும் அதே கம்பெனி வேன். இம்முறை அது முதல் கட்டத்திலிருந்து நான்காம் கட்டம் வரை பக்கத்தின் குறுக்காக நீண்டு நின்றது. அதன் பக்கவாட்டில், கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சன்னல்களுக்குக் கீழே முழ நீளத்துக்குத் தம் பெயரை எழுதியிருந்தார். "இப்ப வெட்டறதுன்னா வண்டியவே வெட்டோணுமுங்க" என்றார்.